ஆலயத்தில் பொறுப்பு, வீட்டில் ஜெபமில்லை: ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 41 வயது. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து சென்னையில் வேலை பார்க்கிறார். மனைவி, எட்டாம் வகுப்பில் மகன், நான்காம் வகுப்பில் மகள். ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. சபை நிர்வாகத்தைப் பார்க்கிற பாஸ்டரேட் கமிட்டியில் இருக்கிறார், ஆண்கள் ஐக்கிய சங்கத்திலும் பொறுப்பு. ஆனால் தனியாக உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஜெபம் ஓடுவதில்லை. குடும்ப ஜெபம் ஆரம்பித்தால் சில நாளில் சண்டையில் நின்றுவிடுகிறது. மகன் போனை விட்டு எழுவதில்லை. "பிள்ளைகளுக்கு ஜெபம் எல்லாம் மனைவிதான் சொல்லிக்கொடுப்பாள். ஓர் ஆணாக நான் விசுவாசத்தில் வளர எங்கே தொடங்க வேண்டும்? வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கலாமா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, உங்கள் கேள்வியில் கமிட்டிக்கு நிறைய இடம் இருக்கிறது, மகனுடைய போனுக்கும் இருக்கிறது. மனைவிக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவேன்.

1 பேதுரு 3:7-ஐ எடுத்துப் பாருங்கள். பிரசங்கங்களில் அந்த வசனத்தின் "பெலவீன பாண்டம்" என்ற பகுதிதான் அதிகம் அடிபடும். அதே வசனத்தின் மற்றப் பகுதி புருஷர்களுக்கு எச்சரிக்கை. மனைவியோடு விவேகமாக வாழுங்கள், அவளுக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யுங்கள், "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" என்கிறார். ஜெபம் தடைப்படுகிறதா, காரணத்தை வீட்டில் தேடு என்கிறார் பேதுரு. அவரும் கல்யாணம் ஆனவர்தான். அவருடைய மாமியார் ஜுரமாய்க் கிடந்த வீட்டுக்கு இயேசு வந்ததை மாற்கு தன் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறார். விஷயம் தெரிந்துதான் மனிதர் பேசுகிறார். மல்கியா இன்னும் கடுமை. இரண்டாம் அதிகாரத்தில் ஜனங்கள் பலிபீடத்தைக் கண்ணீரால் நனைக்கிறார்கள், காணிக்கை அங்கீகரிக்கப்படவில்லை, ஏன் என்று கேட்கிறார்கள். உன் இளவயதின் மனைவிக்குத் துரோகம் பண்ணினாய், கர்த்தரே அதற்குச் சாட்சி என்று பதில் வருகிறது.

துரோகம் என்றதும் வேறொரு பெண் விவகாரம் என்று மட்டும் நினைத்து நாம் தப்பித்துக்கொள்கிறோம். அவளுக்குத் தெரியாமல் வாங்கிய பெர்சனல் லோன், அவள் வீட்டிலிருந்து வந்த நகை இப்போது எந்த அடகுக் கடையில் இருக்கிறது என்ற கேள்வி, அவளுடைய சம்பளக் கார்டு யார் பர்ஸில் இருக்கிறது, உங்கள் அம்மா அவளைக் குறை சொன்னபோது நீங்கள் வாய் திறந்தீர்களா இல்லையா, இதெல்லாமும் அந்தக் கணக்கில் வரும். உங்கள் வீட்டில் இதில் எது உண்டு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவளுக்கு நிச்சயம் தெரியும்.

ஆகவே முதல் வேலை அவளிடம் பேசுவது. பிள்ளைகள் டியூஷன் போன நேரமாகப் பார்த்து, "நான் உன்னிடம் நடந்துகொள்வதில் எது உனக்குக் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வரும்போது நடுவில் புகாதீர்கள். "நீ மட்டும் என்ன" என்று திருப்பாதீர்கள். முதல் தடவை பெரும்பாலும் ஒன்றும் வராது. "இப்ப எதுக்கு இதெல்லாம், எந்தக் கூட்டத்துல கேட்டுட்டு வந்தீங்க?" என்றுதான் வரும். அதில் நியாயம் இருக்கிறது. எத்தனை கன்வென்ஷன் முடிந்த கையோடு நீங்கள் புது மனுஷனாக வீட்டுக்கு வந்து, அடுத்த வாரம் பழைய ஆளாகி நின்றதை அவள் பார்த்திருப்பாள். அதனால் சொன்னதை நம்பவில்லையே என்று முகத்தைத் தூக்காதீர்கள். அவள் சொல்வதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். மாற்றியதை அறிவிக்க வேண்டாம்.

"புருஷன் மனைவிக்குத் தலை" என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். ஆண்கள் கூட்டங்களில் அது தவறாமல் வரும். எபேசியர் 5-இல் மனைவிகளுக்குச் சொன்னது 22 முதல் 24 வரை. 25-இல் தொடங்கி 33 வரைக்கும் பவுல் புருஷர்களைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூருங்கள் என்பது அங்கே அளவு. அதற்கும் முன்னால் 21-ஆம் வசனம் இருவரையும் பார்த்து ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்கிறது. இதை வைத்துக்கொண்டு வீட்டில் அதிகாரம் பண்ணுகிறவர் தனக்கு எழுதிய பகுதியை விட்டுவிட்டு அடுத்தவருக்கு வந்த கடிதத்தைப் படிக்கிறார். கை நீட்டுகிற ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு வேதத்தில் எந்த ஆதாரமும் கிடையாது, நாட்டின் சட்டத்திலும் 2005-ஆம் ஆண்டிலிருந்து குடும்ப வன்முறைக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. சாட்சி கெட்டுவிடும் என்று அந்தப் பெண்ணை அடக்கி வைக்கிற சபை, அடிக்கிறவனுக்குத் துணை போகிறது.

சரி, தனி ஜெபத்துக்கு வருவோம்.

ஐந்து நிமிடத்தில் ஜெபம் தீர்ந்துபோவது பக்திக் குறைவால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்கிறீர்கள், அவ்வளவுதான். வேலை, பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் முட்டி வலி, லோன் தவணை என்று பட்டியல் வாசித்து முடித்தால் ஐந்து நிமிடம்தான் ஆகும். சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் வரிகளை உங்கள் வார்த்தையாக்கி ஜெபியுங்கள். சங்கீதம் மொத்தம் 150. நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பலவற்றுக்குத் தாய்வீடான ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் அந்த 150-ஐயும் காலை, மாலை என்று பிரித்து 30 நாளில் முடிக்க வைத்திருக்கிறது. அவ்வளவு வேகம் உங்களுக்கு வேண்டாம். காலையில் ஒன்று போதும். கோபம், பயம், பொறாமை, நன்றி, ஆண்டவரைப் பார்த்து "ஏன் தூரத்தில் நிற்கிறீர்?" என்று கேட்பது, எல்லாம் அதில் இருக்கிறது. வெளியே சொல்லக் கூச்சப்படுகிற ஆண்களுக்கு இது பெரிய உதவி. நமக்கு வார்த்தை வராத இடத்தில் தாவீதுக்கு வந்திருக்கிறது.

வாசிப்புக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஓர் அதிகாரம் என்றால் 52 வாரத்தில் சரியாக முடிந்துவிடும். சனி, ஞாயிறு விட்டுப்போனதைப் பிடிக்கவோ சும்மா இருக்கவோ வைத்துக்கொள்ளலாம். ஜனவரி 1-ஆம் தேதி முழு வேதாகமத்தையும் ஒரே வருஷத்தில் முடிப்பேன் என்று தொடங்குகிறவர்களில் பலர் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 1,189 அதிகாரம் என்பது ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல். மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு அது நடக்காது. நடக்காததைச் சபதம் பண்ணி உடைப்பதைவிடச் சின்னதாக வைத்துக் காப்பாற்றுவது மேல். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் படித்து அடைக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து போங்கள்.

போனில் வேதம் படிப்பதை நான் தடுக்க மாட்டேன், ஆனால் காலையில் வேண்டாம். சங்கீதம் 27 படித்துக்கொண்டிருக்கும்போது மேலே கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் யாரோ யாரையோ திட்டியது வந்து விழும். அப்புறம் சங்கீதம் எங்கே? தாளில் அச்சடித்த வேதாகமத்தை எடுங்கள். நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் அதிகாலை எழ முடியவில்லையே என்று குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார், உண்மைதான். தானியேல் ஒரு நாளைக்கு மூன்று வேளை ஜெபித்தான், ஈசாக்கு சாயங்காலத்தில் வெளியிலே போய்த் தியானித்தான். நேரம் எதுவானாலும் ஒரே நேரமாக இருந்தால் போதும்.

இனி குடும்ப ஜெபம். தென்மாவட்டத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பாய் விரித்து, தாத்தா ஒரு கீர்த்தனை எடுத்து, அதிகாரம் வாசித்து, ஊரில் உள்ளவர்கள் எல்லாரையும் பேர் சொல்லி ஜெபித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். அந்த மாதிரியையே சென்னை ஃபிளாட்டுக்குள் கொண்டுவந்து வைக்கப் பார்க்கிறோம். தாத்தாவுக்கு மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்துவிட்டது. உங்களுக்கு ஒன்பது மணிக்கும் மெயில் வருகிறது. பிள்ளைகளுக்கு மறுநாள் டெஸ்ட். நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி முடியுங்கள். ஒரு பாட்டு, அதையும் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு சிறு பகுதி. மாற்குவிலிருந்து தொடங்கலாம், அதுதான் சுவிசேஷங்களில் சின்னது, சம்பவம் சம்பவமாக வேகமாக ஓடும். ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். இவ்வளவுதான்.

மகள் இங்கிலீஷ் மீடியம் என்று நினைக்கிறேன். பழைய வேதாகமத் தமிழை அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்திக்கொண்டிருந்தால் அது தமிழ் வகுப்பாகிவிடும். தட்டுத்தடுமாறிப் படிக்கட்டும், அல்லது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைக் கொடுங்கள். பெரியவர்கள் யாராவது அது கத்தோலிக்கர்களுடையது என்று முகம் சுளிக்கலாம். அதில் நம் பக்கத்து அறிஞர்களும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள் என்று சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

சண்டை எதனால் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நான் பல வீடுகளில் பார்த்தது இது: அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பையன் பெற்றோர் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறான், எந்நேரமும் போனிலேயே இருக்கிறான், நீரே அவனைத் தொடும்" என்று ஜெபிக்கிறார். பையனுக்குத் தெரியும், இது ஆண்டவருக்குச் சொல்வது இல்லை என்று. திருப்பிப் பேச முடியாத இடத்தில் நிறுத்தி வைத்துத் திட்டுகிறார்கள் என்று அவனுக்குப் புரியும். மனைவியைப் பற்றியும் இதே வித்தை நடக்கும், மனைவியும் பதிலுக்கு நடத்துவாள். குடும்ப ஜெபத்தில் அந்த அறையில் இருக்கிற யாரைப் பற்றியும் புகார் வரக் கூடாது. இந்த ஒரு விதியை வைத்தாலே பாதிச் சண்டை போய்விடும்.

ஜெபத்தில் சண்டை வருவது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை. 1700-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் சாமுவேல் வெஸ்லி என்று ஒரு குருவானவர். குடும்ப ஜெபத்தில் அவர் மூன்றாம் வில்லியம் மன்னருக்காக ஜெபித்தார். மனைவி சூசன்னா ஆமென் சொல்லவில்லை. வில்லியம் முறையான அரசர் அல்ல என்பது அந்த அம்மாவின் எண்ணம். கணவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. இரண்டு ராஜா என்றால் இரண்டு படுக்கை என்கிற அளவுக்குப் பேச்சு போய், அவர் வீட்டை விட்டு லண்டனுக்குக் கிளம்பிப் போய்விட்டார். 1702-இல் வில்லியம் இறந்து, ஆன் அரசியானார். அவரை இருவருமே ஏற்றுக்கொண்டார்கள். சாமுவேல் வீடு திரும்பினார். அந்த ஒப்புரவுக்குப் பின் 1703-இல் பிறந்த பிள்ளைதான் ஜான் வெஸ்லி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர்.

அந்தக் குருவானவரைக் கவனியுங்கள். அவர் ஜெபிக்காதவர் அல்ல, வேதம் படிக்காதவரும் அல்ல. யோபுவைப் பற்றி லத்தீனில் பெரிய ஆராய்ச்சியே எழுதியவர். ஆனால் மனைவி தன்னோடு ஒத்துப்போகவில்லை என்பதை ஜெபத்தில் கண்டுபிடித்து, ஜெபத்தையே அவளைப் பணியவைக்கும் ஆயுதமாக்கினார். அதே சூசன்னா, சில வருஷம் கழித்து அவர் லண்டனில் குருமார் மாமன்றத்துக்குப் போயிருந்த குளிர்காலத்தில், தன் பிள்ளைகளுக்கென்று ஞாயிறு மாலையில் வீட்டு ஜெபம் நடத்தினார். அக்கம்பக்கத்தார் கேட்டு வந்து, கூட்டம் 200 பேர் வரை பெருகியது. கணவருக்குப் பதிலாக ஆலயத்தைப் பார்த்துக்கொண்ட உதவிக் குருவானவருக்குத்தான் இது பிடிக்கவில்லை. அங்கே தவறு செய்தது யார் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நீங்கள் இப்போது வந்து நாற்காலியைப் பிடுங்கி உட்கார வேண்டாம். சில மாதம் அவள் நடத்தட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், வாசியுங்கள், உங்கள் முறை வரும்போது ஒரு வரி ஜெபியுங்கள். குடும்பத் தலைவன் என்ற மரியாதை அதனால் குறையாது. தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று பவுல் எழுதும்போது பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும்தான் பேர் சொல்கிறார். அப்பா கிரேக்கர் என்பதோடு சரி.

மகன் விஷயத்துக்கும் சூசன்னாவிடம் ஒரு வழி இருக்கிறது. அந்த அம்மா பெற்றது 19, பிழைத்து வளர்ந்தது 10. வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு பிள்ளைக்கு என்று ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும்போது, அந்த வியாழக்கிழமை மாலையில் எனக்காகக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள் என்று அவர் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். பத்துப் பிள்ளைக்காரி செய்ததை இரண்டு பிள்ளைக்காரர் செய்யலாம். அதற்கு வேத வகுப்பு தோரணை வேண்டாம். மகனை பைக்கில் ஏற்றிக்கொண்டு பெசன்ட் நகர் வரை போங்கள், சுண்டல் வாங்கிக் கொடுங்கள். உபாகமம் 6-இல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடங்களில் "வழியில் நடக்கிறபோதும்" என்று இருக்கிறது. எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டால் வாய் திறக்காத பையன், பக்கத்தில் நடக்கும்போது பேசுவான். "டைனோசர் பைபிளில் ஏன் இல்லை?", "என் ஃப்ரெண்ட் கோயிலுக்குப் போறான், அவன் நரகத்துக்குப் போவானா?" என்று எதையாவது கேட்பான். உடனே பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதட்டி அடக்கினால் அவன் கேள்வியை விடமாட்டான், உங்களிடம் கேட்பதை விட்டுவிடுவான். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் சபையின் முழு உறுப்பினராகச் சேர்க்கும் முன் நடக்கிற திடப்படுத்தல் வகுப்புக்குப் போவான். அங்கே சொல்வதை மனப்பாடம் பண்ணிவிட்டு வருவதா, நம்பிக்கையோடு முழங்கால் போடுவதா என்பது பெரும்பாலும் இந்த வருஷங்களில்தான் முடிவாகும்.

போனைப் பொறுத்தவரை ஒரே வழிதான். சாப்பாட்டிலிருந்து ஜெபம் முடியும்வரை நாலு பேர் போனும் ஒரே இடத்தில், உங்களுடையது முதலில். கமிட்டி அவசரம் என்ற விலக்கு கிடையாது. கண்டிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில் அதோனியாவைப் பற்றி வருகிறது: நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று அவன் அப்பா தாவீது ஒருக்காலும் அவனைக் கேட்டதில்லை. சங்கீதம் எழுதியவர், யுத்தத்தில் ஜெயித்தவர், மகனிடம் ஒரு கேள்வி கேட்க நேரமில்லாமல் போய்விட்டது. மறுபக்கம் கொலோசெயர் 3:21, பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்கிறது. நம் அப்பாக்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் விழுகிறவர்கள், சிலர் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நீங்கள் அநியாயமாகக் கத்திவிட்டால், அன்றைக்கே அவனிடம் போய் "நான் கத்தியது தப்பு" என்று சொல்லுங்கள். "ஆனா நீயும்" என்று தொடராமல் அதோடு நிறுத்த வேண்டும். அது கஷ்டம்.

இன்னொரு ஆணின் துணை இல்லாமல் இதெல்லாம் நிற்காது. ஆண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிறேனே என்பீர்கள். அங்கே என்ன நடக்கிறது? சிறப்புச் செய்தி, காணிக்கை, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அரிசி யார் தருவது என்ற பேச்சு, பிரியாணி. யாரும் யாருடைய வீட்டு நிலவரத்தையும் கேட்பதில்லை. 1742-இல் பிரிஸ்டல் நகரத்தில் ஜான் வெஸ்லியின் ஆட்களுக்கு ஜெபவீடு கட்டிய கடன் இருந்தது. 12 பேருக்கு ஒருவர் பொறுப்பெடுத்து, வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வசூலித்துவிடலாம் என்று ஏற்பாடு. வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள் திரும்பி வந்து, இன்னார் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், இன்னொருவர் குடித்திருந்தார் என்று சொன்னார்கள். வெஸ்லிக்கு அப்போதுதான் பொறி தட்டியது, நமக்கு வேண்டியிருந்தது இதுதான் என்று. காசு வசூல் ஏற்பாடு, ஒருவரையொருவர் விசாரிக்கிற ஏற்பாடாக மாறியது. மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டம் பிறந்தது அப்படித்தான். நம் சங்கங்களில் வசூல் ஒழுங்காக நடக்கிறது. அடுத்த கட்டத்துக்கு வரவில்லை.

பன்னிரண்டு பேர் வேண்டாம், ஓர் ஆள் போதும். சொந்தக்காரர் வேண்டாம், விஷயம் ஊருக்குப் போய்விடும். கமிட்டியில் உங்கள் அணி ஆளும் வேண்டாம், நாளை அணி மாறும். உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர், வாயை அடக்கத் தெரிந்தவர், உங்களிடம் அவருக்கு ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லாதவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டீக்கடையில் உட்காருங்கள். ஆன்லைன் ரம்மியில் போனது எவ்வளவு, ராத்திரி தனியாக இருக்கும்போது போனில் என்ன பார்க்கிறீர்கள், மனைவியோடு பேசி எத்தனை நாள் ஆகிறது, இதைக் கேட்கிற உரிமையை அவருக்குக் கொடுங்கள், நீங்களும் அவரைக் கேளுங்கள். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது, அதோடு சொஸ்தமடைவதைச் சேர்த்துச் சொல்கிறது. குடி வழக்கமாகிவிட்டவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு வேறு ஒன்று சொல்லவேண்டும்: அதற்கு நண்பரும் ஜெபமும் மட்டும் போதாது, வைத்தியம் வேண்டும். சென்னையிலேயே டி.டி.கே. மருத்துவமனை 1980-லிருந்து இந்த ஒரு காரியத்தைத்தான் செய்கிறது. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் உதவுகிற ஏ.ஏ. குழுக்கள் பல இடங்களில் கூடுகின்றன. போவதில் அவமானம் ஒன்றுமில்லை.

கமிட்டி விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளியது வேண்டுமென்றேதான். நம் சபைகளில் ஆண்களுடைய ஆவிக்குரிய உழைப்பு பெரும்பாலும் கட்டடம், கணக்கு, தேர்தல் என்றே போய்விடுகிறது. தேர்தல் வருஷம் வந்தால் ராத்திரி பதினொரு மணிவரை போன், யார் எந்த அணி, யார் ஓட்டு விலைபோனது, கோர்ட்டில் ஸ்டே வாங்கியாயிற்றா என்று. வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. யாராவது கணக்கு எழுதத்தான் வேண்டும், ஆலயக் கூரை ஒழுகினால் ஆள் கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் 1 தீமோத்தேயு 3:5 கமிட்டிக்காரருக்கும் சேர்த்துத்தான்: சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?

இதிலும் வெஸ்லியே உதாரணம், இந்த முறை எதிர்ப்பக்கம். 1751-இல் 47 வயதில் மேரி வசேய் என்ற விதவையை மணந்தார். கல்யாணமாகி ஒரு மாதம்கூடத் தாண்டாத நிலையில், மணமான பின் ஒரு பிரசங்கமோ ஒரு நாள் பயணமோ குறைத்துக்கொள்கிற மெதடிஸ்ட் பிரசங்கி தேவனுக்கு எப்படிக் கணக்குக் கொடுப்பான் என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். எழுதியபடியே நடந்தார். மேரி கொஞ்ச காலம் கூடவே அலைந்து பார்த்தார், முடியவில்லை. வெஸ்லி மற்றப் பெண்களுக்கு எழுதிய ஆலோசனைக் கடிதங்களால் சந்தேகம், சண்டை. பிரிந்தும் சேர்ந்தும் கடைசியில் நிரந்தரமாகப் பிரிந்தார்கள். 1781-இல் மேரி இறந்து அடக்கமும் ஆனபிறகு ஓரிரு நாள் கழித்துத்தான் கணவருக்கே செய்தி தெரிந்தது. மேரியும் சுலபமான பெண்மணி இல்லை என்பது உண்மை. ஆனாலும் ஊரெல்லாம் 12 பேருக்கு ஒருவர் போய் வீட்டு நிலவரம் விசாரிக்க ஏற்பாடு செய்தவர், தன் வீட்டை விசாரிக்க யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. குதிரைமேல் லட்சக்கணக்கான மைல் போனவர் என்று அவரைப் புகழ்ந்து பேசும்போது நம் மேடைகள் இதைச் சொல்வதில்லை.

அதனால் என் யோசனை இது. இப்போது இருக்கிற தவணையை ஒழுங்காக முடித்துக் கொடுங்கள், நடுவில் போட்டுவிட்டு ஓட வேண்டாம். அடுத்த தேர்தலில் நிற்காதீர்கள். இரண்டு பொறுப்பில் ஆண்கள் ஐக்கிய சங்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்னபடி அதை மாற்ற ஒருவராவது வேண்டும். நீங்கள் இல்லாவிட்டால் எதிரணி வந்துவிடும் என்று சொல்வார்கள். வரட்டும். வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்.

உபவாசம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருக்கலாம், நல்ல பழக்கம். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் கிறிஸ்துமஸ் வருகிற வெள்ளி தவிர எல்லா வெள்ளியும் உபவாச நாள்தான், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தனி. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு வேளை மட்டும் விடுங்கள், காலையோ மதியமோ. ஆபீஸில் முகத்தை வாட வைத்துக்கொண்டு நாலு பேர் கேட்கும்படி செய்ய வேண்டாம், மத்தேயு 6 அதைத்தான் சொல்கிறது. இன்னொன்று, நம் வீடுகளில் ஆண் உபவாசம் இருந்தால் சாயங்காலம் அதை முடிக்க மனைவி கஞ்சி, துவையல், வடை என்று கூடுதலாக ஒரு சமையல் செய்வாள். வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கத் தெரியாது என்றால் தோசை மாவு வாங்கி வாருங்கள், ஊற்றத் தெரியும்தானே. பாத்திரமும் நீங்களே கழுவிவிடுங்கள்.